தர்சினி மிஸ்ஸும் பாணந்துறை ரயிலும்

போன செவ்வாய்க்கிழமை கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் நடுவே மின்சாரம் போய்விட்டது. மின்விசிறிகள் நின்றன. ஒலிவாங்கி செத்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்து விசிறத் தொடங்கினார்கள். வழக்கை ஒத்திவைத்துவிடுவார்கள், மத்தியானச் சாப்பாட்டை ஆறுதலாகச் சாப்பிடலாம் என்று பாதிப் பேர் பைகளைத் தூக்கியும் விட்டார்கள். நீதவான் என்னைத் திரும்பிப் பார்த்து, இந்த அம்மா மொழிபெயர்க்கும்போது ஒலிவாங்கி எதற்கு, நடத்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நீதிமன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தொண்டையைப் பற்றி அங்கே பல பகிடிகள் உலாவுகின்றன. வெளியே கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கும் தன் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று என் குரலிலேயே தெரிந்துவிடும் என்பது அவற்றில் மிகப் பழையது.

வழக்கு முடிந்து வெளியே வந்தபோது, புதிதாகச் சேர்ந்த சட்டத்தரணிப் பெண்ணொருத்தி என் பின்னாலேயே வந்தாள். "அக்கா, தொண்டைக்கு என்ன பாவிக்கிறீங்கள்? எனக்கு ரெண்டு கேள்வி கேட்டாலே கட்டிப்போகுது" என்றாள். கைப்பையைத் திறந்து அதிமதுரத் துண்டொன்றை முறித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள், கடித்தாள், முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் முதல்தடவை அப்படித்தான் சுளிப்பார்கள். மண்ணும் இனிப்பும் கலந்த அந்த மணம் கைப்பைக்குள்ளிருந்து எழும்பியதும் எனக்குக் கூடவே கடலுப்பின் மணமும் துருப்பிடித்த ஜன்னல் கம்பியின் மணமும் வந்தன. அந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தர்சினி மிஸ்ஸும் வந்துவிடுவார். அன்று பின்னேரம் முழுக்க என்னால் வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை.

நான் குரலோடு பிறந்தவள் அல்ல. இதைச் சொன்னால் இன்று புதுக்கடையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களாவது நம்புங்கள்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், கப்பல்களின் ஊதல் கேட்கும் தூரத்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிளார்க். எண்பத்துமூன்றில், கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது, எனக்கு நாலு வயது. அந்த நாட்களைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரேயொரு ஞாபகம்தான். யாரோ ஒருவருடைய வீட்டில், கட்டிலுக்குக் கீழே, அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியிருக்கிறது. உள்ளங்கையில் வெங்காய மணம். பிறகு அம்மா அந்தக் கையை எடுத்திருப்பார், எடுக்காமல் இருக்க முடியாது. எனக்குத்தான் எடுத்ததுபோலத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு அதன்பிறகு ஒரு சட்டம் இருந்தது. வாசற்படி தாண்டினால் மெதுவாகக் கதைக்க வேண்டும். பஸ்ஸில் கதைக்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் அவரைக் கூப்பிட வேண்டி வந்தால் 'தாத்தா' என்றுதான் கூப்பிட வேண்டும். சிங்களத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள். தலையில் ஒரு நரை கூட இல்லாத மனிதர், தன் மகள் தன்னைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். வளர்ந்த பிறகு பொட்டுக்கும் அதே சட்டம். பஸ் ஏறமுன்னர் நெற்றிப் பொட்டை எடுத்துக் கைப்பையின் உள்மடிப்பில் ஒட்டிவிடுவேன், இறங்கியதும் திரும்ப நெற்றிக்கு. சில நாள் மறந்துபோய்விடும். என்னைவிட என் கைப்பைதான் மங்களகரமாக இருக்கிறது என்று அம்மா பகிடி பண்ணுவார்.

இப்படி வளர்ந்த பிள்ளை புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனால் எப்படி இருக்கும்? "பிள்ளை, நீர் கதைக்கிறீரா, யோசிக்கிறீரா?" என்று சேர் அடிக்கடி கேட்பார். வாய் அசைவது தெரிந்ததாம், சத்தம் வரவில்லையாம். டைப் அடிப்பதற்குக் குரல் தேவையில்லை என்பதால் என்னை வைத்திருந்தார்.

பாட்டுப் படிக்கப் போனேன் என்று சொன்னால் அது பெரிய பொய். நான் போனது புஷ்பா அக்காவின் உழுந்து வடைக்கு. புஷ்பா அக்கா அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. சித்தி என்று கூப்பிட்டால் கிழவி ஆக்குகிறாய் என்று கோபிப்பார் என்பதால் அக்கா. கணவர் கப்பலில் வேலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து திரும்பவும் சண்டை தொடங்கிய வருடம் அது. பொலிஸோ ஆமியோ வீட்டுச் சோதனைக்கு வந்தால் தனியாகக் கதவைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்றார். அதனால் வார நாட்களில் நான் துணைக்குப் போய் அங்கேயே தங்குவேன். என்னைப் போன்ற ஒருத்தி யாருக்குத் துணை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் சேர்ந்திருந்தால் பயம் பாதியாகும் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்குத்தான் தர்சினி மிஸ் வந்தார். வன்னிப் பெண். யாழ்ப்பாணத்தில் இசை படித்துப் பட்டம் வாங்கியவர். கனடாவில் இருந்த ஒருவரோடு கலியாணம் பேசி, அவர் ஸ்பொன்சர் பண்ண, அந்த அலுவலுக்காக, வன்னிப் பாதை திறந்திருந்த காலத்தில் கொழும்புக்கு வந்திருந்தார். வந்தபிறகு பாதை பூட்டிவிட்டது. விசாவும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு லொட்ஜில் ஓர் அறையில் தங்கிக் காத்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் வெள்ளவத்தை லொட்ஜுகள் முழுக்க இப்படிக் காத்திருந்தவர்கள்தான். காலையில் கோயில், மத்தியானம் வெளிநாட்டுக்குப் போன், பின்னேரம் கடற்கரை. மிஸ்ஸுக்கு அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. காய்கறிக் கடையில் சந்தித்த புஷ்பா அக்காவிடம், பாட்டுச் சொல்லித்தரட்டுமா என்று தானாகவே கேட்டாராம்.

என்னைவிட ஒரு வயது இளையவர். ஆகவே நாங்கள் அவரை மிஸ் என்றோம், அவர் எங்களை அக்கா என்றார். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த செல்வியும் சேர்ந்துகொண்டாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், கீழ்வீட்டில் அறை எடுத்திருந்தாள். புஷ்பா அக்கா, செல்வி, நான். மிஸ்ஸின் சங்கீத வித்துவான்கள் நாங்கள் மூன்று பேரும்தான்.

முதல்நாள் புஷ்பா அக்கா எல்லா ஜன்னல்களையும் பூட்டிவிட்டார். ஒழுங்கை முடிவில் ரயில் பாதை, பாதையருகே மணல் மூட்டை அடுக்கிய காவலரண், அதற்குள் எப்போதும் ஒரு ஆமிக்காரன். தமிழ்ப் பாட்டுச் சத்தம் கேட்டால் வந்துவிடுவானோ என்று அக்காவுக்குப் பயம். மிஸ் சுருதிப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவராகச் சட்ஜம் பிடிக்கச் சொன்னார். செல்வி தோட்டத்து மலைக்குக் கேட்கிற மாதிரிப் பிடித்தாள். அக்கா நடுங்கி நடுங்கிப் பிடித்தார். என் முறை வந்தது. நான் என்னவோ செய்தேன். மிஸ் தலையைச் சரித்துக் கேட்டார், பக்கத்தில் வந்து கேட்டார், கடைசியில் என் வாயருகே காதை வைத்துக் கேட்டார்.

"அக்கா, இது பாட்டில்லை. இது ரகசியம்" என்றார்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் வடையை மட்டும் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவதென்று முடிவு செய்தேன்.

மிஸ்ஸுக்குக் கொழும்பில் பிடித்த ஒரே விஷயம் ரயில். அவருடைய சின்ன வயதிலேயே வடக்கில் ரயில் நின்றுவிட்டது. "எங்கட பக்கம் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழட்டிப் பங்கருக்கு மூடியாப் போட்டிட்டினம். நான் ரயிலுக்குக் கீழ படுத்திருக்கிறன், ரயிலைப் பாக்கேல்லை" என்பார். ஆகவே பாணந்துறைக்கோ காலிக்கோ ஒரு ரயில் போனால் பாடம் அப்படியே நிற்கும். பூட்டிய ஜன்னலின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கடைசிப் பெட்டி மறையுமட்டும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். நாங்கள் அதற்குள் இன்னொரு வடை எடுப்போம்.

இரண்டாவது கிழமையோ மூன்றாவதோ, ஒருநாள் சரளி வரிசை போய்க்கொண்டிருந்தது. ரயில் வந்தது. அன்று மிஸ் ஜன்னலுக்குப் போகவில்லை. எங்களை நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, என் விலாவில், மூச்சு நிரம்பும் இடத்தில், உள்ளங்கையை வைத்தார். அந்தக் கட்டிடம் ரயில் போகும்போது கொஞ்சம் அதிரும். அலுமாரிக்குள் பீங்கான்கள் குளிரில் பல் அடிப்பதுபோலக் கிடுகிடுக்கும். அந்தச் சத்தத்துக்குள் எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியமாக இருக்கலாம். வாயைத் திறந்து கத்தினேன். மேல் சட்ஜத்தில் நின்றுகொண்டு, என் பாட்டுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. ரயில் முடிந்தது. என் சத்தம் குழாய் பூட்டியதுபோல் நின்றது. கண்ணைத் திறந்தால், புஷ்பா அக்கா வாயில் கைவைத்தபடி நிற்கிறார். மிஸ் சிரிக்கிறார்.

"உங்களிட்ட குரல் இருக்குதக்கா. ரயிலுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்."

அன்றிலிருந்து எங்கள் பாடம் ரயில் நேரத்துக்கு மாறியது. கந்தோர் விட்டு வரும் பின்னேரத்தில் ரயில்கள் அடிக்கடி போகும். உலகத்தில் எந்தச் சங்கீத ஆசிரியரும் இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். ரயில் வரும் சத்தம் கேட்டதும் மிஸ் "இப்ப!" என்று கையை உயர்த்துவார். மூன்று பேரும் தொண்டை கிழிய அகாரம் பிடிப்போம். ரயில் போனதும் மற்ற இருவரும் நிறுத்தலாம், நான் மட்டும் நிறுத்தக்கூடாது. கடைசிப் பெட்டி போனபிறகும் ஒரு கணம் பிடிக்க வேண்டும். அடுத்த நாள் இரண்டு கணம். பிறகு ஒரு மூச்சு முழுக்க. "ரயில் போனாலும் நீங்கள் நிக்கிறீங்கள் தானே? நிண்டு பாடுங்கோ" என்பார். அந்த ஒரு கணம் இருக்கிறதே, ரயில் போய்விட்டது, என் குரல் மட்டும் அறைக்குள் தனியே நிற்கிறது. அந்த நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். சந்தியில் உடுப்பில்லாமல் நிற்பதுபோல இருக்கும். நான் வாயைப் பொத்துவதற்குக் கையை உயர்த்துவேன். மிஸ் மெல்ல அந்தக் கையைப் பிடித்து இறக்குவார். பாடம் முடிய எல்லோருக்கும் ஒரு துண்டு அதிமதுரம் முறித்துத் தருவார்.

ஒருநாள் அந்தக் கணத்தில் கீழேயிருந்து யாரோ கைதட்டினார்கள். நாங்கள் உறைந்துபோனோம். செல்விதான் எட்டிப் பார்த்தாள். "அந்த ஆமிக்காரருதாங்க்கா. துவக்கை மடியில வச்சிக்கிட்டு தட்டுறாரு" என்றாள். அடுத்த வாரம் மிஸ் ஜன்னலைத் திறந்துவைத்தபோது புஷ்பா அக்கா மறுப்புச் சொல்லவில்லை. காற்று வந்தது, கடலுப்பு வந்தது, நாங்கள் பாடியது ஒழுங்கைக்கெல்லாம் போனது.

நவராத்திரிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் பாடக் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில், ஆகவே அம்மா ஒழுங்கு பண்ணிவிட்டார். ஒரு பதிகமும் ஒரு கீர்த்தனையும். பதிகத்தின் முதலடியை நான்தான் எடுக்க வேண்டும். சேலை கட்டி, பொட்டை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு போய் நின்றேன். சுருதி ஒலித்தது. மண்டபம் அமைதியானது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, கொட்டாஞ்சேனையில் ரயில் இல்லை. மாதக்கணக்காக ரயிலை எதிர்பார்த்தே மூச்செடுத்துப் பழகிய உடம்பு அது. ரயில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. செல்வி என்னைப் பார்க்கிறாள், புஷ்பா அக்கா என்னைப் பார்க்கிறார், முன்வரிசையில் மாமிமார் இருமத் தொடங்கினார்கள்.

முன்வரிசை ஓரத்தில் மிஸ் இருந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையின் கையில் விரல் மொளியால் தட்டத் தொடங்கினார். டக்டக், டக்டக். டக்டக், டக்டக். மெல்ல, பிறகு கொஞ்சம் கெதியாக. பக்கத்திலிருந்த மாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பாணந்துறை ரயில் கொட்டாஞ்சேனைக்குள் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு மூச்சு வந்தது, மூச்சோடு முதலடி வந்தது. மிஸ் தட்டுவதை நிறுத்தியது எப்போது என்று எனக்குத் தெரியாது.

அப்பா கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வீடு வரை எங்களுக்கு முன்னால் நடந்தார். படலையைத் திறக்கும்போதுதான், "றோட்டு வரைக்கும் கேட்டது, பிள்ளை" என்றார். அம்மா, "நல்லா இருந்ததோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ" என்றார். "றோட்டு வரைக்கும் கேட்டது எண்டு சொல்லுறன்" என்று திரும்பவும் அதையே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெருமையில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் அவருக்கு வெவ்வேறாக இருந்திருக்காது. அடுத்த கிழமை இருவரும் பஸ்ஸில் போகும்போது நான் என்னை மறந்து "அப்பா, இறங்குவம்" என்றேன், அரைப் பஸ்ஸுக்குக் கேட்கும்படி. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், இறங்குவம்" என்று தமிழிலேயே சொன்னார்.

மிஸ்ஸின் விசா மட்டும் வரவில்லை. கனடாக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். "இந்த மாதம் வருமாம்" என்பது மிஸ் ஒவ்வொரு மாதமும் சொல்லும் வசனம். லொட்ஜுக்கு இரவில் சோதனைக்கு வருவார்கள், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்பார்கள். எப்போது போவாய் என்பதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று ஒருநாள் சொன்னார். "எங்களோட வந்து இருங்கோ மிஸ்" என்று புஷ்பா அக்கா பலதடவை கேட்டார். பொலிஸில் பதிவில்லாத ஆளை வைத்திருந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்று மறுத்துவிட்டார். விசா வரக்கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு. இன்னும் எத்தனையோ ராகம் மிச்சம் இருந்தது. கல்யாணியை அப்போதுதான் தொட்டிருந்தோம்.

அடுத்த வருடம் ஒருநாள், விடிந்து கொஞ்ச நேரம்தான். செல்வி பால் வாங்கப் போனவள், வெறுங்கையோடு படியேறி ஓடிவந்தாள். "அக்கா, லொட்ஜுல உள்ளவங்கள எல்லாம் பஸ்ல ஏத்துறாங்க. மிஸ்ஸும் இருக்காங்க."

கொழும்பில் காரணமில்லாமல் தங்கியிருப்பவர்களைத் திருப்பி அனுப்புகிறார்களாம். மேலிடத்து உத்தரவாம். நான் ஓடிப்போனபோது பஸ்கள் வரிசையாக நின்றன. அரை மணித்தியாலத்தில் சாமான் கட்டச் சொன்னால் மனிதர்கள் எதை எடுப்பார்கள் என்று அன்று பார்த்தேன். ஒருவர் தலையணை மட்டும் வைத்திருந்தார். ஒரு அம்மா ஈரத் துணிகளை அப்படியே வாளியோடு கொண்டுவந்திருந்தார். இரண்டாவது பஸ்ஸில், மற்றப் பக்க ஜன்னலோரம், மடியில் சுருதிப் பெட்டியோடு தர்சினி மிஸ் இருந்தார். பஸ்ஸுக்குக் கிட்டப் போக விடவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலால் தலையை நீட்டித் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள்? என் பாஸ்போட் எம்பசியில் இருக்கிறது. அவருக்கு இன்சுலின் போட வேண்டும். கீழே நின்ற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவரும் பாவம், சிங்களத்தில் திருப்பித் திருப்பி எதையோ கத்திக்கொண்டிருந்தார், அது அவர்களுக்கு விளங்கவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்று சிங்களத்தில் ஏதோ கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "நங்கி, தெமள புளுவன்த?" என்றார். தங்கச்சி, தமிழ் தெரியுமா என்று. என் வாழ்க்கை முழுக்க நான் தெருவில் மறைத்த ஒன்றைத்தான் அவர் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் இவர்களுக்குச் சொல் என்றார்.

காலி வீதியிலிருந்து சற்று உள்ளே, அப்போதுதான் விடிந்த தெருவில், ஆயுதம் வைத்திருந்த அத்தனை பேருக்கு நடுவில் நின்று, நான் தமிழில் கத்தினேன். "வவுனியாவுக்குக் கொண்டுபோகினமாம்! வருத்தக்காரர், மருந்து எடுக்கிற ஆக்கள் இருந்தால் கையை உயர்த்துங்கோ, இறக்கி விடுவினமாம்! பாஸ்போட் எம்பசியில் இருக்கிற ஆக்கள் பேரைச் சொல்லுங்கோ!" முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரைக்கும் கேட்டது. அவர்கள் சொன்னதைச் சிங்களத்தில் அதிகாரிக்கும் அதே சத்தத்தில் சொன்னேன். இன்சுலின் ஐயாவையும் இன்னும் சிலரையும் இறக்கினார்கள். மிஸ்ஸை இறக்கவில்லை. அவருடைய பாஸ்போட் அவர் கையிலேயே இருந்தது. இவரையும் விடுங்கள், இவர் என் ஆசிரியர் என்று கேட்டேன். அதிகாரி தலையை ஆட்டினார், இல்லை என்று. இரண்டாம் தரமும் கேட்டேன்.

பஸ் வெளிக்கிட்டது. திரும்பும்போது மிஸ்ஸின் பக்கம் எங்கள் பக்கமாக வந்தது. அவர் அழவில்லை. என்னைப் பார்த்து, தன் விலாவில் கையை வைத்துக் காட்டினார். மூச்சை அங்கேயிருந்து எடு என்று. அவ்வளவு நேரமும் நான் தொண்டையால் கத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் என்றால் அதற்கு ஏச்சு விழுந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எடுத்தார். "அக்கா, உங்கட குரல் நல்லாக் கேட்டது. பஸ்ஸுக்குள்ள எல்லாரும் ஆர் அந்தப் பிள்ளை எண்டு கேட்டவை. என்ர ஸ்டூடன்ட் எண்டு சொன்னனான்" என்றார். அந்தக் கிழமையே நீதிமன்றம் தலையிட்டு, அனுப்பப்பட்டவர்களில் பலர் பஸ்களில் திரும்பிவந்தார்கள். நானும் செல்வியும் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். மிஸ் இல்லை. புஷ்பா அக்காவுக்கு ஒரு தகவல் விட்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், அம்மாவை ஒருக்காப் பார்த்துவிட்டு வருகிறேன், விசா வந்தால் சொல்லுங்கள் என்று. வன்னிக்குள் போனார். பாதை இறுகியது. பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரியும்.

விசா வந்தது. கனடாக்காரர் அதைச் சொல்லப் போன் எடுத்தபோது, மிஸ் எங்கே இருக்கிறார் என்று சொல்ல எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. அவர் நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தார், பிறகு எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். யுத்தம் முடிந்தபிறகு முகாம்களில் இருந்து வந்தவர்களிடமெல்லாம் கேட்டோம். கடைசி மாதங்களில் ஒரு மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததைக் கண்டதாக ஒரு பெண் சொன்னாள். அது தர்சினிதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பஸ் போன அந்த மாதமே நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். சேர் நம்பவில்லை. "நீரோ? கோட்டிலயோ?" என்றார். அன்று தொடக்கம் இதுதான் என் வேலை. காணாமல் போனவர்களின் அம்மாமார் கூண்டில் நின்று முணுமுணுப்பார்கள். சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். அவர்கள் சொல்வதைப் பிசகாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நான் சொல்வேன். அழுகை வரும் நாட்களும் உண்டு, அப்போதும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் செய்வதற்காகத்தான் எனக்கு ஒருவர் குரல் தந்தார் என்று நம்புகிறேன். அப்படி நம்பாவிட்டால் தாங்காது.

புஷ்பா அக்காவும் கணவரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். செல்வி கலியாணம் கட்டி ஹட்டனுக்கே திரும்பிவிட்டாள். அந்தக் கட்டிடத்தை இடித்துப் பதினான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறக்க முடியாத கண்ணாடி, உள்ளே ஏசி. லொட்ஜ் இருந்த இடத்தில் நகைக்கடை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாடம் நடந்த அந்த நாட்களில் ஒருதடவை செல்விக்குக் கடையில் போனஸ் கிடைத்தபோது, குரல் பதிகிற போன் ஒன்று வாங்கினாள். மிஸ் பாடிக்காட்டும்போது பதிந்துவைத்தால் கடையில் கேட்டுக் கேட்டுப் பழகலாம் என்று ஆசைப்பட்டாள். மிஸ் விடவில்லை. "அதை ஏன் கேக்கிறீங்கள்? நான்தான் உங்களுக்கு முன்னால இருக்கிறனே" என்றார். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். அவர் முன்னால்தான் இருந்தார்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செல்வியோடு போனில் கதைக்கும்போது இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவற்றைச் சொன்ன குரல் எப்படி இருந்தது என்பதுதான் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை இரவு, கண்ணை மூடி, அவர் கல்யாணி பாடிக்காட்டிய அந்த முதல் நாளை நினைத்துப் பார்த்தேன். அவர் வாய் அசைகிறது, கை தாளம் போடுகிறது. வருவது என்னுடைய குரல்.